எலி முதுகில் முளைத்த காது

எலியின் முதுகில் ஒரு காது முளைத்திருந்தது. மனுஷக் காது. மடல், குழி, ஓரத்து மடிப்பு எல்லாம் அச்சு அசலாக இருந்தது. தோடு போட ஓட்டைதான் இல்லை. மந்தைவெளியில் டீச்சரம்மா வீட்டு வாசல்படியில் உட்கார்ந்து சங்கரா மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்தபோதுதான் அந்தப் படத்தைப் பார்த்தேன். டீச்சரம்மா செய்தித்தாளை என் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நான் மீனைப் போட்டுவிட்டு வயிறு வலிக்கச் சிரித்தேன்.

"இன்னா டீச்சரம்மா, எலிக்கு எதுக்கு இம்மாம் பெரிய காது? யார் பேசறத ஒட்டுக் கேக்கப்போவுது?"

"சிரிக்காதம்மா. அது எலிக்கு இல்ல, மனுஷனுக்கு. காது இல்லாம பொறக்கற கொழந்தைக்கு இப்படி வளத்து ஒட்டலாமான்னு பாக்கறாங்க. இன்னிக்குக் காது. நாளைக்கு ஈரல், கிட்னி எல்லாம் வளப்பாங்க, பாரேன்."

கிட்னி என்று சொன்னதும் என் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. முந்தின நாள்தான் என் மகனை ஆஸ்பத்திரியில் மெஷினில் போட்டு ரத்தம் சுத்தம் பண்ணி வீட்டுக்குக் கூட்டி வந்திருந்தேன். அவனுக்கு இரண்டு கிட்னியும் போய் ஏழு மாதம் ஆகியிருந்தது.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள். பத்தாவது வரை படித்தவள், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று பார்த்தவர்கள் சொல்வார்கள். நான் பேசுகிற பேச்சை அப்படியே எழுதினால் குப்பத்துக்கு வெளியே ஒருத்தருக்கும் புரியாதாம். அதனால் என் பேச்சைப் புத்தகத்துப் பேச்சாக மாற்றிக்கொள்கிறாள். மற்றவர்கள் பேசினதை மட்டும் பேசினபடியே விடச் சொல்லியிருக்கிறேன். நான் எங்கெங்கோ போய்விட்டால் "நேரா வாம்மா" என்பாள். நான் வாழ்க்கையில் எங்கே நேராக நடந்தேன்? கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு சாந்தோமிலிருந்து மந்தைவெளி, அங்கிருந்து ஆழ்வார்பேட்டை, சில நாள் அடையாறு என்று சந்து சந்தாகப் போய்த்தான் பழக்கம்.

செவ்வாயும் வெள்ளியும் மட்டும் வியாபாரம் இல்லை. அந்த இரண்டு நாளும் பாதி வீட்டில் மீன் சமைக்க மாட்டார்கள். ஆஸ்பத்திரிக்காரர்கள் என் மகனுக்கும் செவ்வாய், வெள்ளிதான் மெஷின் கொடுத்தார்கள். யாரோ எனக்காகவே பார்த்துக் கொடுத்த மாதிரி இருந்தது. தர்மத்துக்கு நடக்கிற ஆஸ்பத்திரி அது. அங்கே உட்கார்ந்து நாலு மணி நேரம் ஊர்க்கதை பேசுவேன். சிரிப்புச் சத்தம் கேட்டு நர்ஸ் வந்து, "இது ஆஸ்பத்திரியா, மீன் மார்க்கெட்டா?" என்பாள். "நான் குந்தற எடமெல்லாம் மார்க்கெட்தான் கண்ணு" என்பேன்.

டீச்சரம்மா பெண்கள் பள்ளிக்கூடத்தில் உயிரியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர்கள். மீன் வாங்கினால் சும்மா வாங்க மாட்டார்கள். செவுளைத் தூக்கிக் காட்டி இது மூச்சு விடுவதற்கு, வயிற்றைப் பிளந்து இது நீந்துவதற்கு என்று எனக்கே பாடம் நடத்துவார்கள். பக்கத்து வீட்டு மாமிக்கு மீன் வாடை ஆகாது. நான் தெருமுனையில் குரல் கொடுத்தாலே ஜன்னலைச் சாத்திக்கொள்வாள். என் மகனுக்கு உடம்பு சரியில்லை என்று தெரிந்த பிறகு, சாத்தின ஜன்னலுக்கு உள்ளேயிருந்தே, "உம்புள்ளை எப்படியிருக்கான்டி? தேவலையா?" என்று கேட்பாள். ஜன்னலை மட்டும் திறக்க மாட்டாள். நல்ல மனுஷி.

அன்றைக்கு எலிப் படத்தைப் பார்த்துவிட்டு நான் டீச்சரம்மாவுக்கு ஒரு பாடம் நடத்தினேன். கூடைக்கு அடியிலிருந்து ஒரு நண்டை எடுத்துக் காட்டினேன். ஒரு பக்கம் கொடுக்கு பெரிதாக இருந்தது, இன்னொரு பக்கம் சுண்டுவிரல் அளவு, வெளுத்துப்போய்.

"தோ பாரு டீச்சரம்மா. இதுக்கு எப்பவோ கொடுக்கு அறுந்துபோச்சி. அதே எடத்துல புச்சா மொளைச்சிகினு கீது. நண்டுக்கு மொளைக்குது. மனுஷனுக்கு ஏன் மொளைக்கல?"

டீச்சரம்மாவுக்கு முகமெல்லாம் மலர்ந்துபோனது. "இதத்தாம்மா அவங்களும் கேக்கறாங்க! எங்கிட்டப் படிச்சதுல ஒருத்தி கூட இப்படிக் கேட்டதில்ல." அந்த நண்டை நான் விற்கவில்லை. கடலிலேயே விட்டுவிட்டு வந்தேன். என் மகன் திட்டினான். "நல்ல நண்ட கடல்ல வுட்டு வந்துகீறியே, பைத்தியமா நீ?"

என் மகன் பேச்சுக்காரன். அப்பன் கடலோடு போனபோது இவனுக்குப் பன்னிரண்டு வயது, இதை எழுதுகிற மகள் பாப்பாவுக்கு ஐந்து. பதினாறிலேயே கட்டுமரம் ஏறினான். முதலில் கால் வீங்கியது. கடலில் நின்றால் வீங்கத்தானே செய்யும் என்று விட்டுவிட்டோம். பிறகு முகம் வீங்கியது. "நீ குண்டாயிட்டடா" என்று கேலி பண்ணினேன். நான்தான் பண்ணினேன். அப்புறம் ஒரு நாள் கரையில் வாந்தியெடுத்து விழுந்தான்.

மெஷின் ஒரு வழிதான், ஆனால் மாற்றுக் கிட்னி வைத்தால்தான் பையன் தொழிலுக்குப் போக முடியும், ரொம்ப நாள் இருக்க முடியும் என்று டாக்டர் சொன்னார். என் மகனைவிட இரண்டு வயது சின்னவராக இருப்பார். கண்ணாடி போட்டவர், பொறுமைசாலி. நான் உடனே புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு எழுந்து நின்றேன்.

"என்னுது எட்த்துக்கோ நைனா. எந்தப் பக்கம் வோணும்?"

பரிசோதனை பண்ணினார்கள். எனக்குச் சர்க்கரை நோய் இருக்கிறதாம், எடுக்க முடியாதாம். எனக்கு வந்ததே கோபம். "பொறந்ததுலேந்து வெல்லத்துல காபி குடிச்சவ நானு. எனக்கு எப்பிடி நைனா சக்கரை வரும்?" டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். நான் அடக்கவில்லை, அழுதேன்.

பாப்பாவுக்குப் பரிசோதனை பண்ணினார்கள். எல்லாம் பொருந்தியது. அண்ணன் தங்கைக்கு இவ்வளவு பொருந்துவது அதிசயம் என்றார் டாக்டர். பாப்பாவுக்கு அப்போது இருபத்தொன்று. மீன் கூடை தூக்கினதில்லை, நான் தூக்க விடவில்லை. கேட்டதும் துளிகூட யோசிக்கவில்லை.

"எட்த்துக்கட்டும். ரெண்டு கீதுல்ல?" என்றாள். அண்ணனைப் பார்த்து, "அப்பால எங்கூட சண்டைக்கு வந்தா திருப்பிக் கேட்டுடுவேன்" என்றாள்.

"உன் கிட்னிய வெச்சா நானும் உன்ன மாதிரி மூஞ்சத் தூக்கி வெச்சிக்கினு திரிவேனா?" என்றான் அவன்.

ஒரு புதன்கிழமை பாப்பாவும் நானும் போய், அவள் கையெழுத்தும் நான் கைநாட்டும் வைக்க வேண்டும், அதற்குப் பிறகு ஆபரேஷனுக்கு நாள் கொடுப்போம் என்று சொன்னார்கள். அந்தப் புதன்கிழமைக்கு ஐந்து வாரம் இருந்தது.

அந்த ஐந்து வாரத்துக்குள்தான் சைதாப்பேட்டையிலிருந்து பெண் கேட்டு வந்தார்கள். பையன் கிண்டி எஸ்டேட்டில் லேத் வேலை செய்கிறவன். கடலுக்குப் போகாத மாப்பிள்ளை. இதற்காக நான் எத்தனை வருஷம் வேண்டிக்கொண்டிருந்தேன் என்று யாருக்கும் தெரியாது. என் புருஷனைக் கடல் திருப்பிக் கொடுக்கவேயில்லை. என் மகள் காலையில் புருஷனை அனுப்பிவிட்டு, சாயங்காலம் அவன் கதவைத் தட்டி வர வேண்டும், கரையில் போய் நின்று பார்க்கக் கூடாது. அவ்வளவுதான் என் ஆசை.

பையனின் அம்மா வாட்டசாட்டமான பொம்பளை. பஜ்ஜியைத் தின்றுகொண்டே பாப்பாவை மேலும் கீழும் பார்த்தாள்.

"பொண்ணு ஒல்லியா கீதே. ஒடம்புல ஒண்ணும் கொறை இல்லியே?"

"கல்லு மாதிரி கீறா சம்மந்தி. இன்னிய வரைக்கும் ஒரு சளி ஜல்பு வந்ததில்ல" என்றேன்.

"ஒங்க பையனுக்கு கிட்னி போச்சின்னாங்க. குடும்ப நோவா?"

"அய்ய, இல்ல இல்ல. அவன் கடல்ல கெடந்து கெடுத்துக்கினான்."

பாப்பா உள்ளே தட்டு கழுவிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கேட்டிருக்காது. கேட்டதா என்று இன்றைக்குத்தான் கேட்கிறேன். தலையை ஆட்டுகிறாள். கேட்கவில்லையாம்.

அன்றிலிருந்து என் கண்ணில் ஒரு தழும்புதான் தெரிந்தது. விலாவிலிருந்து வயிறு வரைக்கும் இருக்கும் என்று ஆஸ்பத்திரியில் ஒருத்தி தன்னுடையதைக் காட்டியிருந்தாள். தம்பிக்குக் கொடுத்தவள். அவளைக் கட்டினவன் திருப்பி அனுப்பிவிட்டான் என்றாள். ஒரு பிள்ளைக்காக இன்னொரு பிள்ளையை அறுக்க வேண்டும். அறுக்காவிட்டால் அவன் போய்விடுவான். மீன் வெட்டுகிற கை என் கை, எதையும் வெட்டும் என்று நினைத்திருந்தேன்.

அந்தச் சமயத்தில் டீச்சரம்மா இன்னொரு செய்தி படித்துக் காட்டினார்கள். வேறே நாட்டில் புதுசாக ஏதோ கண்டுபிடித்திருக்கிறார்களாம்.

"நம்ம ஒடம்புல ஒவ்வொரு செல்லுக்கும் ஒரு வேலைதாம்மா. தோல் தோலாத்தான் இருக்கும், ரத்தம் ரத்தமாத்தான் இருக்கும். ஆனா கருவுல இருக்கறப்ப ஒரு செல்லு இருக்கு. அது எதுவா வேணாலும் மாறும். எல்லாத்துக்கும் மூலம். அத வெளிய எடுத்து வளக்க ஆரம்பிச்சிருக்காங்க."

"வெதை நெல்லு மாதிரியா?"

"அதேதான். தொப்புள்கொடி ரத்தத்துல கூட ஒரு மாதிரி மூல செல் இருக்கு. அத வெச்சி இப்பவே ரத்தப் புத்துநோய்க்கு வைத்தியம் பண்றாங்க."

என் கையிலிருந்து வஞ்சிரம் நழுவி விழுந்தது. தொப்புள்கொடி! எங்கள் பக்கத்தில் குழந்தை பிறந்து கொடி காய்ந்து விழுந்ததும் அதைத் தூக்கிப் போட மாட்டோம். வெள்ளித் தாயத்துக்குள் அடைத்து, அரக்கு வைத்து மூடி, குழந்தை இடுப்புக் கயிற்றில் கட்டுவோம். காத்து கருப்பு அண்டாது. வளர்ந்த பிறகு கழற்றிப் பெட்டியில் வைப்போம். என் மகன் தாயத்து என் தகரப் பெட்டியில் இருந்தது. இருபத்தெட்டு வருஷமாக விதையை வீட்டிலேயே வைத்துக்கொண்டு ஊரெல்லாம் தேடியிருக்கிறேன்!

"அப்ப அத வெச்சி கிட்னி வளக்கலாமா டீச்சரம்மா?"

"வளக்கலாம்னு நம்பறாங்க. பத்து வருஷம் ஆகலாம், இருபது வருஷம் ஆகலாம். இப்ப இல்லம்மா. நீ பாட்டுக்கு எதையாவது மனசுல வெச்சிக்காத. பொண்ணு குடுக்கறேன்னு சொல்லுதுல்ல, கடவுள் புண்ணியம், அத முதல்ல பாரு."

பத்து வருஷம் என்று அவர்கள் சொன்னது என் காதில் விழுந்தது. விழவில்லை என்று சொன்னால் பொய். டீச்சரம்மா மேல் குற்றமே இல்லை. நான்தான் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு, ஆட்டம் போடாத குறையாகத் தெருவில் ஓடினேன். ஜன்னலுக்குள்ளிருந்து மாமி, "என்னடி, லாட்டரி விழுந்துடுத்தா?" என்றாள். "அதுக்கும் மேல மாமி!" என்றேன்.

பெட்டியைக் கவிழ்த்தேன். தாயத்து இரண்டு இருந்தது. ஒன்று அவனுடையது, ஒன்று பாப்பாவுடையது. இரண்டும் ஒரே ஆசாரியிடம் செய்தது, ஒரே மாதிரி கறுத்துப்போயிருந்தது. எது யாருடையது என்று தெரியவில்லை. என் மகன் பாயில் படுத்துக்கொண்டு சிரித்தான்.

"பாத்து எட்த்துக்கினு போ யம்மா. மாத்தி நட்டுட்டா எனக்குப் பொம்பள கிட்னி மொளைச்சிடும்."

"டபாய்க்காதடா. எப்பிடியும் உனக்குப் பொம்பள கிட்னிதானே வெக்கப்போறாங்க?"

அதைச் சொன்னதும் அவன் சிரிப்பு போய்விட்டது. கூரையைப் பார்த்துக்கொண்டு, "வெக்கணுமா யம்மா?" என்றான். நான் தாயத்தைப் புளி போட்டுத் தேய்த்தேன்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பாப்பாவிடம், "நாளைக்கு வர வோணாமாம், டாக்டர் வேற நாள் சொல்றேன்னாரு" என்று சொன்னேன். அவளும் நம்பினாள். தாயிடம் என்ன சந்தேகம்?

இங்கே எழுதுகிறவள் பேனாவை வைத்துவிட்டாள். நான் சொல்வதை நிறுத்தவில்லை. எழுதினால் எழுதட்டும், இல்லாவிட்டால் காதிலாவது விழட்டும் என்று சொல்லிக்கொண்டே போனேன். எழுந்து போய் அடுப்பைப் பார்த்தாள். அடுப்பில் ஒன்றுமில்லை. அன்றைக்கு அப்படியே விட்டுவிட்டோம். இரண்டு நாள் பேச்சு வார்த்தை இல்லை. மூன்றாம் நாள் நோட்டை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து, "புதன்கெழம. அப்பால?" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள்.

புதன்கிழமை நான் மட்டும் போனேன். இரண்டு தாயத்தையும் மஞ்சள் துணியில் முடிந்து மடியில் வைத்திருந்தேன். டாக்டர் மேஜைமேல் அவிழ்த்து வைத்தேன். விஷயத்தைச் சொன்னேன். எலிக்காது, நண்டுக் கொடுக்கு, மூல செல், எல்லாம் சொன்னேன். எத்தனை சந்தோஷமாகச் சொன்னேன் தெரியுமா? பரீட்சையில் முதல் வந்த பிள்ளை மாதிரி.

அவர் சிரிக்கவில்லை. ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தார். "தெறக்கட்டுமா?" என்றார். அரக்கைச் சுரண்டி, வெள்ளைக் காகிதத்தில் தட்டினார். காய்ந்த மிளகாய்க் காம்பு மாதிரி ஒரு துண்டும் கொஞ்சம் கறுப்புத் தூளும் விழுந்தது.

"அம்மா, நீங்க படிச்சிக் கேட்டதெல்லாம் நெஜம்தான். ஆனா அதுக்கு உயிரோட இருக்கற செல் வேணும். அப்படி இருந்தாக்கூட கிட்னி வளக்க இன்னும் யாருக்கும் தெரியாது." காகிதத்தை என் பக்கம் நகர்த்தினார். "நீங்க மீன் விக்கறவங்க. கருவாட்டக் கடல்ல விட்டா நீந்துமா?"

அதற்கு மேல் எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அந்தத் தூளைத் துளி சிந்தாமல் திரும்ப அடைத்து, நூல் சுற்றிக் கொடுத்தார். எவ்வளவு மரியாதையான பிள்ளை!

"பொண்ணு எங்கம்மா? இன்னிக்கு அவங்கதானே வரணும்?"

பெண் பிடித்துவிட்டது, வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் தட்டு மாற்ற வருகிறார்கள்.

"ஜுரம் நைனா. எழுந்துக்க முடியல" என்றேன்.

ஒரு ஜல்பு வந்ததில்லை என்று சொன்னதும் இந்த வாய்தான். டாக்டர் நோட்டைப் புரட்டினார். இடம் எல்லாம் நிரம்பியிருந்தது. ஆறு வாரம் தள்ளி ஒரு நாள் எழுதினார். "அதுவரைக்கும் தாங்குவாருன்னு நெனக்கறேன். தண்ணி மட்டும் ஜாக்கிரதை. ஒரு நாளைக்கு ரெண்டு டம்ளருக்கு மேல கூடாது." நான் தலையை ஆட்டினேன். ஆறு வாரத்தில் நிச்சயம் முடிந்து கல்யாணமும் முடிந்துவிட்டால், கழுத்தில் தாலி ஏறின பிறகு கொடுத்துக்கொள்ளலாம். பஸ்ஸில் வரும்போது அப்படித்தான் கணக்குப் போட்டேன். இரண்டு பிள்ளையும் முழுசாக இருக்கும் என்று நினைத்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை காலை என் மகன் தனியாக மெஷினுக்குப் போய்வந்து, சாயங்காலம் தட்டு மாற்றுவதற்கு அவனே முன்னால் நின்றான். எல்லாரும் போன பிறகு கரையில் இழுத்துப் போட்டிருந்த அவன் கட்டுமரத்தின்மேல் போய் உட்கார்ந்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். மெஷின் ஊசி குத்துவதற்காக அவன் இடது கையில் ஆபரேஷன் பண்ணி நரம்பைச் சேர்த்திருந்தார்கள். அந்த இடத்தில் விரல் வைத்தால் உள்ளே கிர்ரென்று அதிரும். வலை இழுக்கும்போது கயிறு கையில் அதிருமே, அந்த மாதிரி. எனக்கு அதைத் தொட்டுப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. தொட்டுக்கொண்டே பேசுவேன்.

"டாக்டர் கேட்டாரு, பாப்பாவுக்கு ஜுரம் உட்டுச்சான்னு" என்றான்.

என் விரல் அங்கேயே நின்றுவிட்டது.

"நீ இன்னா சொன்ன?"

"இன்னும் கீது சார்னேன்."

அவனே மேலே பேசினான். "பாப்பா கிட்ட சொல்லாத யம்மா. சொன்னா அவ நாளைக்கே ஓடிப் போயி படுத்துப்பா. கிண்டிக்காரன் நல்லவனா தெரியறான். எனக்குப் புடிச்சிக்கீது."

"ஆறு வாரம்தான்டா. கல்யாணம் முடியட்டும்."

"சரி யம்மா."

"தாங்குவல்ல?"

"நான் இன்னா கண்ணாடி வளையலா, ஒடையறதுக்கு?" என்றான்.

தாகம்தான் அவனைக் கொன்றது. இரண்டு டம்ளர் தண்ணீர் எந்த மூலைக்கு? சித்திரை வெயில். மீன் பெட்டியிலிருந்து ஐஸ் உடைத்து வாயில் போட்டுக்கொள்வான். ஐஸ் தண்ணீர் இல்லையே என்று நானும் நினைத்தேன், எங்கள் குப்பமே நினைத்தது. மீன் கெடாமல் வைக்கிற பொருள், வயிற்றுக்கும் நல்லதுதான் என்று நானே துணியில் சுற்றிக் கொடுத்தேன். நாலாவது வாரம் ஞாயிற்றுக்கிழமை, வியாபாரம் ஜோராக நடக்கிற நாள். ஆழ்வார்பேட்டையில் கூடை பாதி காலியாகியிருந்தது. குப்பத்துப் பொம்பளை ஒருத்தி ஆட்டோவில் தேடி வந்து ஏற்றிப் போனாள். பாப்பா முன்னாலேயே அவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தாள்.

நுரையீரலில் தண்ணீர் நிரம்பிவிட்டது என்றார் டாக்டர். மெஷினில் போட்டிருந்தார்கள். மூக்கில் குழாய். பாப்பா அவன் கால்மாட்டில் நின்று, டாக்டரைப் பார்த்து, "இப்பவே எட்த்து வெக்க முடியாதா சார்? நான் இங்கதானே கீறேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் என்னைப் பார்த்தார். இப்படி வைக்க முடியாதும்மா என்று அவளிடம் மட்டும் சொன்னார்.

நான் அவன் கையைப் பிடித்து அந்த இடத்தில் விரல் வைத்தேன். அதிர்ந்துகொண்டிருந்தது. கண்ணைத் திறந்து பார்த்தான். ஏதாவது கேலி பண்ணப்போகிறான் என்று நினைத்து முகத்தைக் கிட்டே கொண்டுபோனேன். "ஐஸ்" என்றான். மத்தியானத்துக்குள் விரலுக்குக் கீழே ஒன்றுமில்லை. யாரும் சொல்வதற்கு முன்னால் எனக்குத் தெரிந்தது.

மண்ணில் வைக்கும்போது டாக்டர் திறந்த தாயத்தை அவன் இடுப்பில் கட்டினேன். அவனுடையதா, பாப்பாவுடையதா, தெரியாது.

வருஷம் திரும்பின பிறகு கிண்டிக்காரனுக்கே பாப்பாவைக் கட்டிக் கொடுத்தேன். தங்கமான பிள்ளை. சாயங்காலம் ஆனால் கதவைத் தட்டி வருகிறான். இரண்டு பேரக்குழந்தைகள். பெரியவளுக்கு வாய் என் வாய், சின்னவன் ஓட்டம் பிடித்தால் நிற்க மாட்டான். அவர்களைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் சிரிப்புத் தாங்காது. கல்யாணமாகி ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மாப்பிள்ளைதான் பேச்சோடு பேச்சாகச் சொன்னான்: "மச்சானுக்கு இவ குடுக்கறதா இருந்துச்சாமே அத்தை. எங்கிட்ட சொல்லிருந்தா குடுத்துட்டு வான்னு சொல்லிருப்பேன். எனக்கு இன்னா, ரெண்டு கிட்னியையா கட்டிக்கப்போறேன்?" பாப்பா சிரித்தாள். நானும் சிரித்தேன். குழம்பில் உப்பு பார்க்கிற மாதிரி எழுந்து போய்விட்டேன்.

என் மகன் சொல்லாதே என்றான். இத்தனை நாள் சொல்லவில்லை. அவன் சொன்னதற்காகத்தான் சொல்லவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் ஒரு ஜுரம்தான், இல்லாத ஜுரம்.

எல்லாம் எழுதி முடித்த பிறகு பாப்பா ஒரு கேள்வி கேட்டாள். "ஜுரம் இன்னும் கீதுன்னு உங்கிட்ட சொன்னப்ப, அண்ணன் மூஞ்சி எப்பிடி இருந்துச்சி?"

நான் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், முகத்தைப் பார்க்கவில்லை என்று சொன்னேன். அது நிஜம். அவள் அதையும் எழுதிக்கொண்டாள்.

முதலிலிருந்து எனக்குப் படித்துக் காட்டினாள். எலிக்காது வந்த இடத்தில் நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. புதன்கிழமை வந்ததும் அவள் குரல் மாறவில்லை, வேகம்தான் கூடியது. ஓரிரண்டு இடத்தில் நான் சொன்னது குறைந்த மாதிரி இருந்தது. ஆஸ்பத்திரியில் அவள் டாக்டரிடம் கெஞ்சினதை நான் இன்னும் நீளமாகச் சொன்னதாக ஞாபகம்.

"எதுனா உட்டுட்டியா?" என்றேன்.

"ஒண்ணியும் உடல" என்றாள்.

எனக்குப் படிக்கத் தெரியாது. அவள் சொன்னதை நம்பிக்கொண்டேன்.